எழுபத்திரண்டு செல்களும் ஒரு புகாரும்

டெல்சிக்கு நாராயணபெருமாளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நாலு வருடமாக இதே கதைதான். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவரும் சளைத்தவரில்லை. ஸ்டாஃப் ரூமில் அவள் உட்கார்ந்திருந்தால் தம் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று குடிப்பார். மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நிற்பார்.

நாகர்கோவிலுக்கு வடக்கே மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தனியார் பொறியியல் கல்லூரி அது. நாராயணபெருமாள் மெக்கானிக்கல் துறைத் தலைவர். இருபத்தாறு வருடம் டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர். வருகிற மே மாதம் ஓய்வு. டெல்சி அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர், இனயம் கடற்கரையில் பிறந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடப்புறத்துப் பிள்ளையா? அப்பொ வள்ளத்து எஞ்சின் நல்ல பழக்கம் இருக்கும். டீசல்ல இருந்தா கொள்ளாம். இது என்னத்துக்கு, ஹைட்ரஜனும் மண்ணாங்கட்டியும்?" என்று கேட்டார்.

அவர் அதை வெறுமனே கேட்டாரா, குத்திக் கேட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். டெல்சிக்குக் காதில் விழுந்தது, கடற்கரைக்காரர்களை ஊரில் இளப்பமாகச் சொல்லும் 'கடப்புறம்' என்ற ஒரு சொல்தான். அவளுடைய அப்பா ததேயுஸ் வள்ளத்தின் கடைசியில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் எஞ்சினின் புகையை முப்பது வருடம் விழுங்கி, ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சு அடைத்துப் போனவர். புகையே இல்லாத எஞ்சின் ஒன்று உலகத்தில் உண்டு என்று பாடப் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து அவள் வேறு எதையும் படிக்க விரும்பியதில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வருடமே அவள் எழுதிப் போட்ட திட்டத்துக்கு டெல்லியிலிருந்து மானியம் கிடைத்தது. ஹைட்ரஜனையும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் செய்யும் ஃப்யூவல் செல், ஐந்து கிலோவாட், கப்பலில் வந்து இறங்கியது. சூட்கேஸ் அளவுப் பெட்டி. அதற்குள் எழுபத்திரண்டு செல்கள், ரொட்டித் துண்டுகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கி நின்றன. பழைய கார் ஒன்றின் கூட்டை வாங்கி, எஞ்சினைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் இதையும் ஒரு மோட்டாரையும் வைத்தாள். அதை நிறுத்த இடம் வேண்டுமே. முதல்வர் டீசல் லேபை நடுவே தடுப்புச் சுவர் கட்டிப் பாதியாக்கினார். நாராயணபெருமாள் தம் கையால் பூட்டி நிறுத்திய பழைய டீசல் எஞ்சின் ஒன்று வராந்தாவுக்குப் போயிற்று. அதன் மேல் பையன்கள் டிபன் டப்பாவை வைத்துச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்துதான் அவர் மரத்தடி டீக்குப் போனார்.

சண்டை என்னவோ எண்ணில்தான் நடந்தது. ஃப்யூவல் செல்லின் திறனைக் கணக்கிடுவது எளிது. ஒரு செல் தரும் வோல்ட்டை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீர் ஆவியாகப் போவதாகக் கொண்டால் குறைந்த மதிப்பான ஒன்றேகாலால் வகுக்கலாம். தண்ணீராகவே வருவதாகக் கொண்டு அந்த வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தால் கூடுதல் மதிப்பான ஒன்று புள்ளி நாலு எட்டால் வகுக்க வேண்டும். டெல்சி ஒன்றேகாலால் வகுத்து ஐம்பத்திரண்டு சதவீதம் என்று சுவரில் எழுதி ஒட்டினாள். மறுநாள் காலையில் அதன் கீழே சிவப்பு மையில், அச்சு மாதிரிக் கையெழுத்தில், '44' என்று இருந்தது.

"டீசலுக்கு நீங்க குறைஞ்ச மதிப்பைத்தானே சார் எடுக்கீங்க? எனக்கு மட்டும் எதுக்குக் கூடின மதிப்பு?" என்று துறைக் கூட்டத்தில் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"டீசல் எஞ்சின்காரன் ஆரும் உலகத்தக் காப்பாத்தப் போறேன்னு பறைஞ்சுக்கிட்டு வரல்ல மேடம். நீங்கல்லா வந்திருக்கீங்க. அப்பொ கணக்கு முழுசா இருக்கணும். ஒங்க ஹைட்ரஜன் எங்கேருந்து வருது? கொச்சியிலேருந்து. செய்யும்போ ஒரு பங்கு போச்சு, சிலிண்டர்ல அடைக்கும்போ ஒரு பங்கு போச்சு. எதுல வருது? லாரியில. லாரி எதுல ஓடுது?" அவர் நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "டீசல்லயாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டெல்சிக்குக் காது மடல் எரிந்தது. சிரித்தது பெரிதில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அதோடு விட்டாரா? எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஊர்க் காத்துல உப்பு. இதக் கொண்டுபோய்க் கன்னியாகுமரி கடக்கரையில நிறுத்துங்க பாப்போம். ஒரு நுள்ளு உப்பு போதும், எழுபத்திரண்டும் சாவும்."

பதினான்கு பேர் அதைக் கேட்டார்கள். பிற்பாடு அவர் கழுத்தில் விழுந்த கயிறு அதுதான்.

2012 அக்டோபரில் இறுதிச் சோதனை என்று கடிதம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வருவார். கார் மூன்று மணி நேரம் வளாகத்தைச் சுற்றி ஓட வேண்டும். டெல்சியின் கணக்குப்படியே திறன் நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தேறினால் இரண்டாம் கட்டம், இன்னும் பெரிய செல், அதை வைத்தே டெல்சியின் முனைவர் பட்டம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நாலு வருட உழைப்பு அந்த மூன்று மணி நேரத்தில் தொங்கியது.

சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா கிளாரா இனயத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தாள். காலைத் திருப்பலி முடிந்த கையோடு புறப்பட்டவள். தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும், தோளில் ஒரு துணிப்பை. லேபுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்று டெல்சியே கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். ஆனாலும் அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள். நாலு வருடமாகத் தான் என்ன செய்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. அம்மாவாவது பார்க்கட்டுமே.

கிளாரா காரைச் சுற்றி வந்தாள். "எஞ்சின எங்க மக்கா?"

"இந்தப் பெட்டிதாம்மா எஞ்சின். புகை கிடையாது. சத்தம் கிடையாது. குழல் வழியா தண்ணி மட்டும்தான் வெளிய வரும்."

"அப்பன் இருந்திருந்தா பாத்திருப்பாரு," என்றாள் கிளாரா. பிறகு பக்கத்திலிருந்த வெள்ளைக் கேனைக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"உள்ள போற காத்துல இந்தத் தண்ணியப் பூவாத் தூவணும். செல்லு காஞ்சு போச்சுன்னா வேலை செய்யாது. இதுதாம்மா இதுக்கு உயிரு."

அப்போது வாசலில் சிலிண்டர் லாரி வந்து நிற்பதாக வாட்ச்மேன் போன் செய்தார். கையெழுத்துப் போட டெல்சி ஓடினாள். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. கிளாரா காரின் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஹாஸ்டல் அறைக்குப் போய் மரச்சீனி சாப்பிட்டார்கள். டெல்சி அந்தப் பத்து நிமிடத்தை மறந்தே போனாள்.

திங்கட்கிழமை ஒத்திகை நன்றாகத்தான் தொடங்கியது. ஒரு செல்லுக்கு 0.66 வோல்ட். மதியத்துக்குள் 0.61 ஆனது. செவ்வாய்க்கிழமை 0.55. டெல்சி குழாய்களைக் கழற்றி மாட்டினாள், சிலிண்டரை மாற்றினாள், ஒவ்வொரு செல்லாகக் கம்பியை வைத்து எழுபத்திரண்டையும் அளந்தாள். புதன்கிழமை காலை 0.49. ஒன்றேகாலால் வகுத்தாலும் முப்பத்தொன்பதுதான் வந்தது. சாகக் கிடக்கிற பிள்ளையின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல அவள் அந்த மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் வெள்ளைக் கேனிலிருந்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கெமிஸ்ட்ரி லேபுக்குக் கொண்டுபோனாள். சில்வர் நைட்ரேட்டை நாலு சொட்டு விட்டாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

உப்பு.

கலந்துவிட்டார்கள். பாவிகள் கலந்துவிட்டார்கள். பாவிகள் என்ன, பாவி. லேப் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவளிடம், மற்றொன்று துறைத் தலைவரிடம். ஒரு நுள்ளு உப்பு போதும் என்று பதினான்கு பேர் முன்னால் சொன்ன வாய் யாருடையது? டெல்சி யாரையும் கேட்கவில்லை, எதையும் விசாரிக்கவில்லை. சோதனைக் குழாயை மேசையில் வைத்துவிட்டு, கெமிஸ்ட்ரி லேபிலேயே ஒரு தாளைக் கிழித்து, நின்ற நிலையிலேயே எழுதினாள். துறைத் தலைவர் நாராயணபெருமாள் வேண்டுமென்றே தன் ஃப்யூவல் செல்லின் தண்ணீரில் உப்பைக் கலந்து அதைக் கெடுத்துவிட்டார் என்று எழுதினாள். 'சந்தேகிக்கிறேன்' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'உறுதியாகக் கூறுகிறேன்' என்று திருத்தினாள். கையெழுத்துப் போடும்போது பேனா முனை தாளைக் கிழித்தது.

முதல்வரிடம் கொடுத்த கடிதம் அரை மணி நேரத்தில் தாளாளர் குமாரதாஸின் மேசைக்குப் போய்விட்டது. குமாரதாஸுக்கு அது தேடிக்கொண்டிருந்த விறகு. அவருடைய தங்கை மகனை நாராயணபெருமாள் இரண்டு தடவை ஃபெயிலாக்கியிருந்தார். மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லி ஆள் அனுப்பியபோது, வந்தவரை உட்காரச் சொல்லாமலேயே திருப்பி அனுப்பியிருந்தார். நாராயணபெருமாள் லேபுக்குள் நுழையக் கூடாது என்று அன்றைக்கே தாள் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, இருபத்தாறு வருடத்துக்கும் சேர்த்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது.

சென்னை நிபுணரும் போனில் சொல்லிவிட்டார். வேறொருவர் வேண்டுமென்றே செய்த நாசம் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தால் வேறு செல் அனுப்பிச் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். பொறுப்பாளரின் கவனக் குறைவு என்றால் திட்டம் அங்கேயே முடிந்தது.

வியாழக்கிழமை டெல்சி லீவு போட்டுவிட்டு இனயத்துக்குப் போனாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கிளாரா முற்றத்தில் உட்கார்ந்து அயலை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் கையைக் கழுவாமலேயே எழுந்தாள்.

"வந்தியா மக்கா? காரு ஓடிச்சா?"

"எங்க ஓட? ஆரோ அதுல உப்பைக் கலக்கி விட்டாச்சு. நான் ஆருன்னு எழுதிக் குடுத்திட்டேன். நாளைக்கு அவனுக்க சீட்டு கிழியும்."

"உப்பா? அதெல்லாம் ஒண்ணும் ஆவாது," என்றாள் கிளாரா, மகளின் தோளைத் தட்டி. "எனக்க கையால மந்திரிச்ச வெள்ளம் ஊத்தியிருக்கேன். ஒரு சாத்தானும் கிட்ட வராது."

டெல்சி தோளிலிருந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன ஊத்தின?"

"சாமியாருக்கிட்டச் சொல்லி, தனியா ஒனக்க காருக்குன்னு மந்திரிச்சு வாங்கின வெள்ளம். வள்ளம் எறக்கும்போ எஞ்சினுக்கு மேல தெளிப்போம்லா? ஒனக்க எஞ்சினு வெள்ளம் குடிக்குதுன்னு நீதானே பறைஞ்ச? குடிக்கிற எஞ்சினுக்கு எதுக்கு மேல தெளிக்கணும்னு குடிக்கவே குடுத்தேன். அரைக் குப்பி."

"அதுல உப்பு உண்டா?"

"உப்பு போடாம எந்த நாட்டுல மந்திரிப்பாவ? உப்பையும் மந்திரிச்சு, வெள்ளத்தையும் மந்திரிச்சு, பொறவு சேப்பாவ. ஒனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில நீ கையில வாங்கி நக்கிப் பாத்தவதானே?"

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். கோயில் வாசல் தொட்டியில் விரலை நனைத்து நெற்றியில் வைத்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்த கரிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. ஆனால் உப்பைக் கண்டதும் அவளுக்கு நினைவில் வந்தது கோயிலல்ல, நாராயணபெருமாள்.

"கெடுத்தியே!" என்று டெல்சி கத்தினாள். பக்கத்து வீட்டுச் செசிலி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "நாலு வருசம்! எனக்க நாலு வருசத்தையும் ஒரு குப்பி வெள்ளத்துல கரைச்சு விட்டியே! ஒன்ன ஆரு ஊத்தச் சொன்னது? ஆரு வரச் சொன்னது ஒன்ன?"

"ஏட்டி, மெல்ல! நீ நல்லா வரணும்னுதானே செய்தேன்."

"நல்லா வந்தேன். போ!"

கிளாரா அழவில்லை. அவள் அழுகிற வகையில்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு அப்படியே நின்று, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ அந்த மனுசன் ஒண்ணும் செய்யல்லியா?"

"இல்ல."

"வெளிய பறைஞ்சா என்ன ஆவும்?"

"எனக்க காரு போவும். படிப்பு போவும். சனம் சிரிக்கும்."

கிளாரா வேலிப் பக்கம் பார்த்தாள். செசிலியின் தலை போய்விட்டிருந்தது. "பறையாத மக்கா," என்றாள். "ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். சாமியாருக்க பேரும் கெடும். மந்திரிச்ச வெள்ளம் வண்டியக் கெடுத்துதுன்னு நாளைக்கு ஊரு முழுக்கப் பேச்சாவும். பொறவு நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போவ? அந்த ஆளு ஒன்ன நாலு வருசமா நீத்தி வதைச்சவன்தானே? போவட்டும்."

அம்மா சொன்னதைக் கேட்டதும் டெல்சிக்கு அதிர்ச்சி வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். போகட்டுமே. சிவப்பு மையில் நாற்பத்து நாலு என்று எழுதியவன் போகட்டும். கடப்புறத்துப் பிள்ளையா என்று கேட்டவன் போகட்டும். ஏழு மாதத்தில் எப்படியும் போகிறவன்தானே, ஏழு மாதம் முந்திப் போனால் என்ன? அவளுக்குப் புதிய செல் வரும். எழுபத்திரண்டும் புதிதாக, ஒரே அளவில் 0.66 காட்டும். யோசிக்க யோசிக்க வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அந்த நிறைவைப் பார்த்துத்தான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல்வர் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் குமாரதாஸ், அவருக்கு இருபக்கமும் முதல்வரும் சென்னை நிபுணரும். மேசையின் இந்தப் பக்கத்து ஓரங்களில் டெல்சியும் நாராயணபெருமாளும். அவர் வழக்கம்போல இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார். பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பேனா. மடியில் வைத்திருந்த ஃபைலின் நாடாவை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தார். டெல்சி அதைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. தவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

"சாரே, புகாரைப் படிச்சாச்சு இல்லியா?" என்றார் குமாரதாஸ். அவர் கைக்கடியில் வேலை நீக்க உத்தரவு ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. தேதி போடுகிற இடம் மட்டும் காலி. "நீரு என்ன சொல்லுதீரு?"

நாராயணபெருமாள் ஃபைலைத் திறந்தார். "மூணாவது பாராவுல ஒரு தப்பு இருக்கு," என்றார். "திறன் ஐம்பத்திரண்டிலேருந்து முப்பத்தொம்பதாக் குறைஞ்சுதுன்னு எழுதியிருக்கு. சரியா வகுத்தா நாப்பத்தி நாலிலேருந்து முப்பத்தி மூணு. அதத் திருத்தணும்."

நிபுணர் தலையைக் குனிந்து மீசையைத் தடவிக்கொண்டார். டெல்சிக்கு உள்ளே குப்பென்று ஏறியது. தலைக்கு மேலே கத்தி தொங்குகிறது, இந்த மனிதன் அவளுடைய வகுத்தலைத் திருத்துகிறான்!

"அது கிடக்கட்டும். லேப் சாவி ஒம்ம கையில இருந்துதா இல்லியா?"

"இருந்தது."

"ஒரு நுள்ளு உப்பு போதும்னு சொன்னீரா?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். உள்ளதுதானே?"

"பொறவென்ன?"

"நான் போடல்ல," என்றார் நாராயணபெருமாள். "அந்தச் செல்லு ஒழுங்கா ஓடி, நான் சொன்ன எண்ணுதான் சரின்னு நாலு பேரு முன்னால தெரியணும். எனக்கு அதாக்கும் வேண்டியது. கெட்டுப்போன செல்ல வச்சு எனக்கு என்ன பிரயோஜனம்? இதுக்கு மேல கெஞ்ச எனக்குத் தெரியாது. எழுதுறத எழுதுங்க."

ஃபைலை மூடினார். நாடாவை இறுக்கி முடிந்தார்.

குமாரதாஸ் டெல்சியின் பக்கம் திரும்பி, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "மேடம், நீங்க எழுதினது எல்லாம் சத்தியம்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்," என்றார்.

ஆமாம். இரண்டு உதட்டையும் ஒரு தடவை சேர்த்துத் திறந்தால் முடிந்துவிடும் சொல். டெல்சி வாயைத் திறந்தாள். மேசையின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதனை அவள் அப்போதும் வெறுத்தாள், நேற்றைவிடக் கூடுதலாகவே வெறுத்தாள். ஆனால் அவர் சொன்னதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. நாலு வருடத்தில் அவர் பொய்யாக ஓர் எண் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளைக் குத்தியதெல்லாம் சரியான எண்ணால்தான். இப்போது அவள் 'ஆமாம்' என்றால், இந்த அறையில் பொய் சொன்ன ஒரே ஆள் அவளாக இருப்பாள்.

"இல்ல சார்," என்றாள். "உப்பு போட்டது எங்க அம்மா."

ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை. அவள் முழுவதையும் சொன்னாள். வெளியாளை லேபுக்குள் விட்டது, சிலிண்டருக்குக் கையெழுத்துப் போடப் போனது, மந்திரித்த தண்ணீர், அரைக் குப்பி, வள்ளத்து எஞ்சின், எல்லாம். நடுவில் குமாரதாஸ் வெடித்துச் சிரித்தார். முதல்வர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஹோலி வாட்டரா?" என்று நிபுணர் இரண்டு தடவை கேட்டு, எழுதிக்கொண்டார். நாராயணபெருமாள் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிரித்து முடிந்ததும் குமாரதாஸின் முகம் கடுத்தது. கைக்கடியிலிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒரு ஆளுக்க சீட்டு கிழியும்னு பாத்தா, ஒங்களுக்க சீட்டையே கிழிச்சுக்கிட்டீங்க மேடம்," என்றார். திட்டம் பொறுப்பாளரின் கவனக் குறைவால் கைவிடப்பட்டது என்று நிபுணர் எழுதினார். செல்லைத் திங்கட்கிழமைக்குள் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டும். கார்க் கூட்டைக் கல்லூரி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். டெல்சி கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை தாள் கிழியவில்லை.

வெளியே வராந்தாவில் நாராயணபெருமாள் முன்னால் போய்க்கொண்டிருந்தார். டெல்சிக்கு இப்போது அவரிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது. நன்றி என்றுகூட இல்லை, ஒரு தலையசைப்பு போதும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் அல்லவா? வேகமாக நடந்து அவரைப் பிடித்தாள்.

"சார், நான் சொல்லாம இருந்திருக்கலாம். தெரியுமா? ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் நின்றார். திரும்பி, நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"அதுக்கு நான் ஒன்னக் கும்பிடணுமா பிள்ளே?" என்றார். குரல் உயரவில்லை. "புதன்கிழமை சாயங்காலம் லேப் வாசல்ல எனக்க பேரு போட்டுத் தாளு ஒட்டினாவ. நான் பாடம் எடுத்த பயலுவ நின்னு வாசிச்சான்வ. எனக்க பெண்டாட்டி ரெண்டு நாளா வெளிய எறங்கல்ல. எழுபத்திரண்டு செல்லையும் ஒவ்வொண்ணா அளந்தவதானே நீ? என்னய மட்டும் எதுக்கு அளக்காம எழுதின?"

டெல்சியின் பார்வை அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று.

"உப்பு போட்டது ஒனக்க அம்மை. சரி. அது தெரியாமச் செஞ்சது. எனக்க பேர எழுதினது ஆரு?"

வராந்தாவில் இரண்டு பையன்கள் எதிரே வந்து, இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

"நான்தான்," என்றாள் டெல்சி.

"ஆங்," என்றார் அவர். அவள் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே திரும்பி நடந்து படியிறங்கிப் போய்விட்டார்.